சரளைக்குள் ஊதாப்பூ

அக்கா,

இன்று லாச்சப்பல் ரயில் பாலத்தில் நின்றுவிட்டேன். சித்திரை பிறக்கவில்லை, அதற்குள் வெயில் இப்படிக் காய்கிறது. கீழே தண்டவாள ஓரத்தில், சூடேறிய சரளைக்குள் ஒரு ஊதாப்பூ. மரக்கறிப் பையோடு கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன். கம்பியை விட முடியவில்லை. பூவைக் கண்டு உறைந்து நிற்கிறவளை உங்களைத் தவிர யாருக்கும் விளங்காது. நீங்கள் இறந்துபோய் ஒரு குளிர்காலமும் முடிந்துவிட்டது.

அன்றும் பங்குனிதான். களவாக வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட லொறி எங்களைச் சகாராவின் நடுவில் இறக்கிவிட்டது. முன்னால் ராணுவம் நிற்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாரதி சைகை காட்டிவிட்டுப் போனான். நீங்கள், நான், வவுனியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். எல்லோருக்கும் ஒரே ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீர். வழியில் பழகியதைத் தவிர உங்களை எனக்குத் தெரியாது.

விடிந்தும் லொறி வரவில்லை. மத்தியானம் அண்ணன்காரன் எழுந்தான்.

"அவன் இனி வரமாட்டான். லொறி போன தடத்தில நடப்பம்."

அங்கே இருந்தால் சாவு என்றுதான் எனக்கும் பட்டது. நானும் எழுந்தேன். நீங்கள் கானில் கிடந்ததில் பாதியை அண்ணன் தம்பி இருவருக்கும் குடிக்கக் கொடுத்தீர்கள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்க் குந்தினீர்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்தேன்.

"இஞ்சை வாடி பிள்ளை. இதைப் பாத்திட்டுப் போ."

"விடுங்கோ அக்கா, அவங்கள் நடக்கத் தொடங்கிட்டாங்கள்."

"ஒருக்கால் குனிஞ்சு பார்."

குனிந்தேன். கைவைக்க முடியாத சூட்டில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில், நகத்தளவு பூக்கள். எப்போதோ பெய்த ஒரு மழையை நம்பி முளைத்திருக்க வேண்டும். நான்கு ஊதா இதழ், நடுவில் மஞ்சள். ஒன்றைப் பார்த்ததும் பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. பிறகு அந்தப் பள்ளம் முழுக்கத் தெரிந்தது. இரவெல்லாம் நாங்கள் அதன் அருகில்தான் படுத்திருந்தோம். மகரந்தம் அப்பிய ஒரு சின்ன வண்டு பூவுக்குள் தலைகீழாகக் கிடந்தது. அது வெளியே வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிமிர்ந்தபோது அவர்கள் கானலில் ஆடும் இரண்டு கோடுகளாகியிருந்தார்கள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பின்னேரம் லொறி வேறு திசையிலிருந்து வந்தது. இருட்டும்வரை அவர்களைத் தேடினோம். காற்று தடத்தை மூடியிருந்தது.

இங்கு வந்தபின், நகருக்கு வெளியே செவ்ரானில் நீங்களும் இங்கே லாச்சப்பலில் நானுமாக இருந்த வருடங்களில், அந்த நாளைப் பற்றி நமக்குள் பேசியதேயில்லை. ஆனால் நான் வேலை செய்த கடைக்குள் புதிதாக யார் வந்தாலும், அவர்களைத் தேடி வந்தவர்களோ என்று பார்ப்பேன். ஒருநாள் அவர்களுடைய தாய் வந்தேவிட்டார், மகன்மாரின் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டு. நான் படத்தை வாங்கி, அன்று கடைக்கு வந்திருந்த உங்களிடம் நீட்டினேன். நீங்கள்தான் அவரின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போகேக்கை தண்ணி குடிச்சவங்களோ?"

"ஓம் அம்மா. குடிச்சவங்கள்."

உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன்: "என்னை மறிக்கத்தானே அண்டைக்குப் பூவைக் காட்டினீங்கள்?"

"இல்லையடி. சாகப்போறன் எண்டுதான் நினைச்சன். கடைசியா எதைப் பாக்கிறது எண்டு தேடினன். தனியப் பாக்கப் பயமா இருந்தது. அதுதான் உன்னைக் கூப்பிட்டன்."

அத்தனை வருடமும் உங்களைத் துணிந்தவர் என்று நம்பி, என் பயத்துக்காக வெட்கப்பட்டிருந்தேன்.

போன கிழமை எனக்கு மார்பில் ஒரு கட்டி என்று ஸ்கானருக்கு அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை. காத்திருக்கும் அறையில், முக்காடிட்ட ஒரு பெண் இரண்டு நாற்காலி தள்ளியிருந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் பச்சை மின்னியது. எனக்குத் தனியே பார்க்க முடியவில்லை, அக்கா. "ருகார்தே, மதாம்", பாருங்கள் என்று அவளிடம் சொல்லி ஜன்னலைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.