நோட்டீஸில் இறந்தவர்

தார்ன்பெக்
11 பிப்ரவரி 1974

அன்புள்ள ஊனா,

நலமா? லீட்ஸ் நூலகத்திலாவது கணப்பு எரிகிறதா? இந்த ஹோட்டலில் வெந்நீர் ஒருநாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை.

சுரங்கப் போராட்டத்தால் நிலக்கரி இல்லாமல் ஆலைகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகின்றன. மற்ற நாளில் ஊரே வீட்டில் இருப்பதால் ஓட்டுக் கேட்டுத் தட்டினால் கதவு திறக்கிறது. திறந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்களைத் திட்டி, பிரதமரைத் திட்டி, கடைசியில் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. போன முறை நம் கட்சி கொஞ்ச ஓட்டில்தான் தோற்றது. இந்த முறை மூன்றாவது கட்சியும் நிற்கிறது. எதிராளிக்குப் போகும் மேட்டுத் தெரு ஓட்டை அது பிரித்துவிட்டால் நமக்கு வழி உண்டு.

ஒரு உதவி. எல்லா வேட்பாளர்களின் நோட்டீஸிலும் மனைவியின் படமும், தாய்மார்களுக்கு அவள் எழுதும் நாலு வரியும் இருக்கும். உன்னிடமிருந்து அவை வேண்டும். நவம்பரில் நாம் பிரிந்ததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு லீட்ஸில் வேலை, அவ்வளவுதான்.

உன் அப்பாவைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம். நெடுஞ்சாலையில் அந்தப் பேருந்தில் ஐரிஷ் தீவிரவாதிகளின் குண்டு வெடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஐரிஷ் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது. எனக்கு அப்படி வெறுப்பு எதுவும் கிடையாது என்று உனக்குத் தெரியும். வாக்காளர்களுக்கு இருக்கிறது. என்ன செய்ய?

அன்புடன்,
லயனல்


லீட்ஸ்
13 பிப்ரவரி 1974

அன்புள்ள லயனல்,

கணப்பு எரிகிறது. நலமாக இருக்கிறேன்.

"எனக்கு இல்லை, வாக்காளர்களுக்கு இருக்கிறது." அந்த வரியை இரண்டு முறை படித்தேன். தார்ன்பெக்கில் வெறுப்பு என்றைக்குமே அடுத்த தெருவில்தான் குடியிருக்கும். மேட்டுத் தெருவில் கேட்டால் ஆற்றோரத்தைக் காட்டுவார்கள். ஆற்றோரத்தில் கேட்டால் ஆலை வரிசையைக் காட்டுவார்கள். சொந்த வீட்டில் அதைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவரையும் நான் அங்கே வளர்ந்த இருபது வருடங்களில் சந்தித்ததில்லை. என் அப்பாவும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்குப் பாகிஸ்தான் குடும்பம் வந்ததிலிருந்து அவர்கள் சமையல் வாசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தனக்கும் கீழே ஒருவன் கிடைத்துவிட்ட நிம்மதி அந்தப் பேச்சில் தெரிகிறது. அவரை உத்தமர் என்று உன்னிடம் விற்க வரவில்லை.

ஆனால் உனக்கு அந்தத் தொகுதி எப்படிக் கிடைத்தது என்று மறக்காதே. உள்ளூர்க் கிளைக் கூட்டத்தில் உன் பேரைக் கேட்டு எல்லோரும் கொட்டாவி விட்டபோது, முப்பது வருடம் அந்த ஊருக்கு ரோடு போட்ட ஓவன் டெவ்லின் எழுந்து நின்றார். "என் மாப்பிள்ளைதான். நல்ல பையன். கொஞ்சம் அதிகமாப் பேசுவான், அது இந்த வேலைக்குத் தோதுதானே?" என்றார். சிரித்தார்கள். சிரித்தபடியே கை தூக்கினார்கள்.

படம் தர மாட்டேன். எழுதவும் மாட்டேன். என் பெயரில் வேறு யாரும் எழுதக் கூடாது.

நவம்பரில் கிளம்பும்போது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் ஓட்டு இன்னும் தார்ன்பெக் பட்டியலில் இருக்கிறது. வந்து போடுவேன்.

ஊனா


தார்ன்பெக்
18 பிப்ரவரி 1974

அன்புள்ள ஊனா,

உன் கடிதம் வருவதற்குள் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. தேர்தல் ஏஜென்ட் ஹோல்ராய்ட் உனக்காக நாலு வரி எழுதிச் சேர்த்துவிட்டார். பயப்படாதே, விலைவாசி, பள்ளிக்கூடம், குடும்பம், அவ்வளவுதான். நம் திருமணப் படத்தில் உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அழகாகவே வந்திருக்கிறது.

வெறுப்பு அடுத்த தெருவில் என்று கிண்டல் செய்கிறாய். நேற்று வியர் தெருவில் சக்டன் என்று ஒரு கிழவி கதவைத் திறந்தாள். முதல் கேள்வியே, "நீங்க அந்த ஐரிஷ்காரர் டெவ்லின் மருமகன்தானே?" என்பதுதான். நான் நைசாகப் பேச்சை விலைவாசிக்குத் திருப்பினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். இதற்கு என்ன சொல்கிறாய்? "இந்த மாசம் ஐரிஷ் மாமனார் நமக்கு ஆகாது சார்" என்று ஹோல்ராய்ட் சொன்னபோது எனக்கும் கோபம் வந்தது. கிழவியின் கதவு அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

நீ மக்களைப் புத்தகத்தில் நேசிக்கிறாய், ஊனா. அங்கே அவர்கள் கடிக்கிற நாய் வளர்ப்பதில்லை. நான் அவர்கள் வாசலில் மழையில் நிற்கிறேன். உள்ளே போய்விட்டால் இவர்களுக்கே எவ்வளவோ செய்யலாம். அதற்கு முதலில் உள்ளே போக வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் என்னோடு காரில் ஒரு சுற்று வருவாயா? அரை மணி நேரம் போதும்.

அன்புடன்,
லயனல்


லீட்ஸ்
23 பிப்ரவரி 1974

லயனல்,

இன்று அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் வீட்டுக்கு உன் நோட்டீஸ் வந்திருந்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் தபாலில் இலவசமாகப் போகும் அல்லவா? உறையில் திரு. ஓவன் டெவ்லின் என்று அழகாக முகவரி. உள்ளே என் முகம், அதற்குக் கீழே என் கையெழுத்துப் போல ஒரு கையெழுத்து. நடுவில் இந்த வரி: "உழைப்பின் அருமையை எனக்குக் கற்றுத் தந்தவர் காலஞ்சென்ற என் தந்தை."

அப்பா அதை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருந்தார். எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, "செத்தவனுக்கு ஒரு மலர்வளையம்கூட அனுப்பலையேம்மா உன் வீட்டுக்காரன்" என்றார். "நல்ல வார்த்தையாத்தான் எழுதியிருக்கான். உயிரோட இருந்தப்போ யாரும் இப்படிச் சொல்லலை" என்றார். பிறகு நெடுநேரம் சர்க்கரையைக் கலக்கினார். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

ஹோல்ராய்டின் கைப்பிழை என்று சொல்லாதே. அச்சுப்படியை நீ படித்துத் திருத்தியிருப்பாய். எனக்கு எழுதும் கடிதத்தில்கூடக் காற்புள்ளி சரிபார்ப்பவன் நீ.

உன் சாட்சி சக்டன் கிழவி, அப்பாவுக்கு ஞாயிறுதோறும் கேக் கொடுத்தனுப்புகிறவள். அவளுடைய கொல்லைச் சுவர் இடிந்தபோது அவர்தான் கட்டிக்கொடுத்தார். உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்றுதான் கேட்டாளாம். "உங்க மாமனார்தானேன்னு கேட்டா, வெண்ணெய் விலை சொல்றான். பெத்தவங்க வளர்த்த லட்சணமா இது?" என்று அப்பாவிடமே வந்து கேட்டிருக்கிறாள். சாத்தியது வெறுப்பு இல்லை, லயனல். வெறுப்பு வாசலுக்கு வெளியே சட்டையில் கட்சி ரிப்பன் பூ குத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

வேறு வீடுகள் உண்டு. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் துப்புகிறவர்கள் இந்த மாதம் அதிகம். மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் யாரும் அவரைக் கொன்று அச்சடித்து ஊர் முழுக்க விநியோகிக்கவில்லை.

உன் போஸ்டர் இன்னும் அவர் ஜன்னலில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்றேன். "அது கட்சி போஸ்டர். அவன் முகம் அதுல வந்து மாட்டிக்கிட்டது" என்றார்.

காரில் வர மாட்டேன்.

ஊனா


தார்ன்பெக்
1 மார்ச் 1974

என் அன்பு ஊனா,

ஜெயித்துவிட்டோம். மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். எண்ணியும் ஜெயித்தோம். மேட்டுத் தெரு ஓட்டு நான் சொன்னபடியே பிரிந்தது. ஹோல்ராய்ட் அழுதேவிட்டார்.

அச்சுப்படியில் அந்த 'காலஞ்சென்ற' என் கண்ணில் பட்டது. பொய் சொல்ல மாட்டேன். அடிக்கப் பேனாவும் எடுத்தேன். ஹோல்ராய்ட் என்னைப் பார்த்தார், நான் பேனாவை மூடினேன். தப்புதான். ஆனால் முடிவைப் பார். இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு தெரு கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் போயிருக்கும்.

உன் அப்பாவைப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் பார்த்தேன். பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள், நின்று பேச முடியவில்லை. கையை நன்றாகக் குலுக்கினேன். புரிந்துகொண்டிருப்பார்.

நாட்டில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வருடத்துக்குள் இன்னொரு தேர்தல் வரும் என்கிறார்கள். அப்போது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வோம், உன் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு. லண்டனில் சின்னதாக ஒரு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புத்தகங்களுக்கு ஒரு அறை உண்டு. வந்துவிடு.

உன்,
லயனல்


லீட்ஸ்
4 மார்ச் 1974

லயனல்,

வாழ்த்துகள். ரேடியோவில் உன் பெயரைச் சரியாகவே உச்சரித்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் நீ பார்க்காத ஒன்று உண்டு. அப்பாவுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றது நான். தலையில் துணி கட்டியிருந்தேன், அவசரத்தில் நீயும் முகம் பார்க்கவில்லை. அவர் உன்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். நீ அவர் கையைப் பிடித்து, படமெடுப்பவன் பக்கம் முகத்தைத் திருப்பி, "இந்தக் குளிர்ல வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க பெரியவரே" என்றாய். அதே கையால் அடுத்தவர் கையைப் பிடித்தாய்.

மூன்று வருடம் அவர் மேஜையில் சாப்பிட்டிருக்கிறாய்.

உள்ளே அலுவலர் பெயர் கேட்டார். அப்பா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஓவன் டெவ்லின். நோட்டீஸ்ல செத்துட்டேன். உங்க பட்டியல்ல இருக்கேனான்னு பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா கள்ள ஓட்டு ஆயிடும்" என்றார். அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சீட்டை நீட்டினாள். அவர் உனக்குத்தான் போட்டார். மடிக்காமல் எனக்குக் காட்டிவிட்டு, அதட்டல் வாங்கிக்கொண்டுதான் பெட்டியில் போட்டார்.

வீடு வரைக்கும் என் குடைக்குள் நடந்து வந்தார். சாவியைத் தேடும்போது, "அவன் கை ஜில்லுனு இருந்துச்சு. கையுறை போட்டுக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

என் ஓட்டையும் உனக்கே போட்டேன். நூலால் கட்டியிருந்த அந்தப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வேறு வழி தெரியவில்லை. சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உன்னை எதிர்த்து நின்றவர் அவர்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார். உன் மேல் உள்ள வெறுப்புக்காக அவர்களைத் தண்டித்தால் நானும் ஹோல்ராய்டும் ஒன்று. அந்தச் சீட்டில் கேட்டது தொகுதிக்கு யார் வேண்டும் என்று. உன் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன்.

எனக்கு யார் வேண்டும் என்று அதில் கேட்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். யோசித்து முடித்துவிட்டேன். லண்டன் வீட்டில் புத்தக அறை வேண்டாம்.

அடுத்த தேர்தல் நோட்டீஸில் "காலஞ்சென்ற" என்ற சொல்லை என் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள். இந்த முறை என் சம்மதம் உண்டு.

ஊனா டெவ்லின்