டொனால்டுக்காக வாங்கிய செடி

குறிப்பு எண் 1
வியாழக்கிழமை, 2 அக்டோபர் 2025, காலை மணி 7.40, பிரிஞ்சாங்

நேற்று மாலை மகள் நடாலி ஈப்போவிலிருந்து அழைத்தாள். நான் இனித் தனியாக இருக்கக்கூடாதாம். வீட்டைப் பூட்டிவிட்டு அவளுடைய அடுக்குமாடிக்கு வந்துவிட வேண்டுமாம். இந்த யோசனை யாருடையது என்று கேட்டேன்.

"டொனால்ட் மாமாதான்பா. அம்மா போனதும் அவங்க வளத்த ஆர்கிட் செடி எல்லாத்தையும் சாகடிச்சிட்டீங்களாம். ஒரு செடியவே பாத்துக்க முடியலன்னா, உங்களை எப்படிப் பாத்துக்குவீங்க?"

டொனால்ட், காலஞ்சென்ற என் மனைவி கத்தரீனின் தம்பி. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் என் வீட்டில் அமர்ந்து தேநீர் அருந்துபவர். அருந்திவிட்டுச் செய்யும் வேலை இது.

ஒரு செடி வாங்கி வைக்கிறேன். கிறிஸ்மஸ் வரை அது உயிரோடிருந்தால் ஈப்போ பேச்சை எடுக்கக்கூடாது என்றேன். ஒப்புக்கொண்டாள்.

குறிப்பு எண் 2
சனிக்கிழமை, 4 அக்டோபர் 2025, பகல் மணி 11.15

நர்சரிக்காரி யோகேஸ்வரி இரண்டைக் காட்டினாள். ஒன்று ஜேட்: தடித்த தண்டு, உருண்டு பளபளக்கும் இலை. மற்றது ஹவோர்த்தியா: உள்ளங்கைக்குள் அடங்கும், வெள்ளை வரிகள். இரண்டும் இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்பவை.

"ஜேட்டுக்கு ஜன்னல் வெளிச்சம் வேணும், அங்கிள். இது கொஞ்சம் வெளிச்சம் போதும்னு கெடக்கும். ரெண்டுக்கும் மண்ணு நல்லா காஞ்ச பிறகு தண்ணி ஊத்துங்க. இந்தக் குளிர்ல சும்மா சும்மா ஊத்துனா அழுகிடும் லா."

"தனக்குத் தீங்கு நேர்ந்தால் எது முதலில் காட்டிக்கொடுக்கும்?"

சிரித்தாள். "செடிதானே வாங்குறீங்க, நாய் இல்லையே? ஜேட்தான். ஒத்துக்கலன்னா இலை பொத்து பொத்துன்னு கொட்டிடும். ஹவோர்த்தியா உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டே வெளிய நல்ல புள்ளையா நிக்கும்."

நல்ல பிள்ளையாக நிற்கும் ஒருவர் ஏற்கெனவே ஞாயிறுதோறும் வருகிறார். ஜேட்டை வாங்கினேன்.

குறிப்பு எண் 3
ஞாயிற்றுக்கிழமை, 26 அக்டோபர் 2025, மாலை மணி 5.20

இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன. நான் இந்த வாரம் நீரே ஊற்றவில்லை. மண்ணோ சொதசொதவென்று இருக்கிறது. விரலை விட்டேன். தேயிலைச் சக்கை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் குடித்து மிஞ்சிய தேநீரைச் சக்கையோடு ரோஜாவின் வேரில் ஊற்றுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஆனால் இது ரோஜா அன்று. தொட்டிக்கு அருகே, ஜன்னலோர நாற்காலியில் அமர்பவரும் ஒருவரே. பழக்கமா? வஞ்சகமா? எதுவானால் என்ன — டேய் டொனால்ட், என் வீட்டுலயே ஒக்காந்து எனக்கே குழி வெட்டுறியா? இரு. ஒன்ன வச்சிக்கிறேன்.

குறிப்பு எண் 4
வியாழக்கிழமை, 30 அக்டோபர் 2025, காலை மணி 8.10

செடியை உலர்ந்த மண்ணுக்கு மாற்றினேன்; டொனால்டிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை; 9ஆம் தேதி மதிய உணவுக்கு நடாலியை அழைத்திருக்கிறேன்.

குறிப்பு எண் 5
ஞாயிற்றுக்கிழமை, 9 நவம்பர் 2025, இரவு மணி 7.30

தேநீரை வேண்டுமென்றே வடிகட்டாமல் ஊற்றினேன். நடாலியை எதிரே அமர்த்தினேன். பேச்சுவாக்கில் டொனால்டின் கை மிஞ்சிய தேநீரோடு தானாகவே தொட்டிக்குப் போயிற்று.

"மாமா, என்ன செய்றீங்க?"

"உரம் லா. எங்கம்மா ரோசாவுக்கு இப்படித்தான் ஊத்துவாங்க."

"அதனால்தான் இலை கொட்டுகிறது" என்றேன்.

"அட விடுங்க மச்சான், செத்தா சாவட்டும். எங்க மார்க் ஹோம்ஸ்டே திறந்தான்னா இந்த ஜன்னல் முழுக்கச் செடி வச்சிடுவான்."

மார்க் அவருடைய மகன்; சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட வீடு தேடிக்கொண்டிருப்பவன். நான் எதிர்பார்த்தது சக்கையை மட்டுமே. இது மேற்கொண்டு கிடைத்தது.

"எந்த ஜன்னல், மாமா?" என்றாள் நடாலி.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தேன். தொடவில்லை. மழையிலேயே இறங்கிப் போனார்.

"நீங்க இங்கயே இருங்கப்பா" என்றாள் நடாலி, கிளம்பும்போது.

குறிப்பு எண் 6
திங்கட்கிழமை, 1 டிசம்பர் 2025, காலை மணி 9.05

நேற்றும் டொனால்ட் வரவில்லை. கோயிலில் தூணுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். "பாவம்பா, மன்னிச்சிடலாமே" என்கிறாள் நடாலி. மன்னிப்பதாக இல்லை. ஜேட் புதுத் தளிர் விட்டிருக்கிறது.

இன்று அவருக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அதனுடன் இணைத்தவை:

1. அவர் அன்று விட்டுச்சென்ற மழைக்கோட்டு, துவைத்து மடித்தது.
2. தளிர்விட்ட ஜேட்டின் புகைப்படம், தேதியுடன்.
3. ஊன்றி வளர்த்துக்கொள்ள ஜேட் இலைகள் மூன்று.

வளர்க்கும் முறை பற்றிய குறிப்பு இணைக்கப்படவில்லை.