இரண்டு தலைக் காலணா

ஆம்பூர்
9 ஜூலை 1934

சிரஞ்சீவி துரைசாமிக்கு உன் அப்பா கோதண்டபாணி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மா பூவம்மாளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், கான்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். எட்டு வருஷம் கழித்து அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே, கெட்ட சேதி ஒன்றுமில்லை. வாணியம்பாடியில் உன் அக்கா அமிர்தவள்ளிக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். பாலாற்றில் இந்த வருஷமும் மணல்தான். மற்றதெல்லாம் அம்மா எழுதுவாள். நான் உட்கார்ந்தது அந்தக் காலணாவைப் பற்றி எழுத. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கமும் அதே தலை குழிந்து திரும்பி விழுந்திருந்ததே, சர்தார் பாஷா கடையில் நீ கொடுத்து அவர் திருப்பிக் கொடுத்தாரே, அந்தக் காசு. தோல் ஷாப்பில் நான் முத்திரை குத்துகிற பிரஸ்ஸில் இரண்டு காசை வைத்து நசுக்கி, பூவா தலையா போட்டு ஏமாற்றுவதற்காக நீயே செய்தது என்று முடிவு கட்டி, திருடன் என்று சொல்லித் தெருவே பார்க்க உன்னை அடித்தேன். நீ இல்லை இல்லை என்றாய், நான் காதில் வாங்கவில்லை, அடுத்த வாரம் நீ ரயிலேறினாய். துரைசாமி, அது சர்க்கார் தங்கசாலையில் அடித்த அசல் காசு. நீ சொன்னது நிஜம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய், சொல்கிறேன், சொல்லாமல் எனக்குக் கை நிற்கவில்லை. போன மாதம் ஷாப் வேலையாக வேலூர் போயிருந்தபோது பஜாரில் சில்லறை மாற்றுகிற கடை முன்னால் ஒரு பெரியவர் செப்புக் காசுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, நல்லதையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கோணல்மாணலாக இருந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் ரஃபி அகமது, தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னா சாயபு, நல்லதை விட்டுட்டு சொத்தையைப் பொறுக்கறீங்க என்று கேட்டேன். நல்லது ஊரெல்லாம் கீது, தங்கசாலையில கை தவறி வந்ததுதான் கம்மி, அதுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். படம் நடுவில் விழாமல் ஒதுங்கிப் போய் ஓரத்தில் பிறை மாதிரி வெறும் செம்பு தெரிகிற காசு ஒன்று, அதில் வருஷம் முழுசாகத் தெரிந்தால் இரண்டு ரூபாயாம், வருஷம் வெட்டுப்பட்டிருந்தால் எட்டணாகூடத் தேறாதாம். தேய்ந்ததும் வெளியில் யாரோ சுத்தியால் அடித்ததும் பிழையே அல்லவாம், அதைக் கொடுத்துக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பக்கமும் தலையிருந்தால் என்ன சாயபு என்று சும்மா கேட்டேன். மனுஷர் கையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். எழுந்துபோய், நீ விட்டுப்போன சட்டையின் பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அது இத்தனை நாள் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாது. கருத்துப் போயிருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்கப் போனாள், பிடுங்கிக்கொண்டேன், தேய்த்தால் பாதி விலை போய்விடும் என்று சாயபு சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்பாடி வரை ரயிலில் போய் அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா பிடித்தேன், வழியெல்லாம் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாயபு எடை போட்டார், விளிம்பைச் சுற்றிப் பார்த்தார், பிறகு சிரித்தார். அடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வருகிற தகட்டில் அந்த ஒட்டின காசின் முகம் குழிந்து திரும்பி விழுமாம். எனக்கு அது சட்டென்று புரிந்தது. முத்திரை மை காயாத தோலின் மேல் இன்னொரு தோலைப் போட்டால் எழுத்து திரும்பி ஒட்டிக்கொள்ளுமே, இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், காசைப் பார்த்தபோது மட்டும் அது புத்தியில் ஏறவில்லை. வெளியில் வைத்து நசுக்கியிருந்தால் நல்ல பக்கத்துத் தலை சப்பையாகியிருக்கும், விளிம்பு பிதுங்கியிருக்கும், இதில் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது என்று கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன், தெரிந்தது.

ஆனாலும் என் குணம் உனக்குத் தெரியும், அடுத்தவர் சொல்லி நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. மறுநாள் ஷாப்பில் நம் பிரஸ்ஸில் இரண்டு காலணாவை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நாலு ஆள் சேர்ந்து கைப்பிடியில் தொங்கினோம். குழியுமில்லை தலையுமில்லை, இரண்டு காசும் மூக்கு மழுங்கியதுதான் மிச்சம். மேஸ்திரி திட்டினார், திட்டட்டும். எனக்கு அங்கேயே துள்ள வேண்டும் போலிருந்தது. சாயபு அந்தக் காசுக்கு முப்பது ரூபாய் தருகிறேன் என்கிறார். காலணாவுக்கு முப்பது ரூபாய். நான் கொடுக்கவில்லை, அது உன் காசு, நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

அந்தக் குஷியிலேயே நேராகச் சர்தார் பாஷா கடைக்குப் போனேன். என் பிள்ளையைத் திருடன் என்றாயே, இப்போது பார் என்று காசைப் பலகை மேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார். இன்னா கோதண்டம், நான் இன்னா சொன்னேன், இது செல்லாது தம்பி, வேற குடுன்னு சொன்னேன், அவனும் வேற குடுத்து சாமான் வாங்கிட்டுப் போய்ட்டான், திருடன்னு சொன்னது நீதானே என்றார். காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். அவர் சொன்னார், அதனால்தான் நான் அடித்தேன் என்றே எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்லவில்லை, ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொன்னேன். அப்பா தப்புச் செய்துவிட்டேன், துரைசாமி.

அங்கே வடக்கத்திக் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி வாங்கிக்கொள், ஷாப்பில் தோல் ஊற வைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு இறங்காதே. பகவான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சம்பாத்தியமும் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. நீ போடுகிற கடிதமெல்லாம் உன் அம்மா பெயருக்கே வருகிறது. இதற்குப் பதில் எழுதும்போது உறையின் மேல் என் பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. கோதண்டபாணி