போன வாட்டி சொன்னதுதான்

பீரோவை ஒதுங்க வைத்தபோது நம் பழைய வினாத்தாள் கட்டு கையில் வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் கருவாட்டு வாடை. இத்தனை வருடமாகியும் போகவில்லை, பார். "நம்ம ஆராய்ச்சி ஊருக்கே மணக்குதுல்லா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து, பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

திரேஸ்புரம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் பெண்களிடம் தன்னம்பிக்கையை அளக்கப் போனோம், நீயும் நானும். நான் எழுதிய கேள்விகளை நீதான் கடற்கரைப் பேச்சுக்கு மாற்றித் தந்தாய். 'என்ன வந்தாலும் என்னால் சமாளிக்க முடியும்' என்பது கடைசிக் கேள்வி. சில வாரம் விட்டு அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும். பதில் மாறாமல் வந்தால் வினாத்தாளை நம்பலாம் என்று படித்திருந்தோம். இரண்டாம் முறையும் அவர்கள் உட்கார வேண்டுமே என்று தின்ன இனிப்பாக மக்ரூன் பொட்டலம் வேறு வாங்கிப் போனோம்.

மக்ரூனை வாங்கிக்கொண்ட அக்கா ஒருத்தி கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "போன வாட்டி சொன்னதுதான், பிள்ள. அதையே போட்டுக்க. நாளைக்கு ஒரு பேச்சு பேசுத ஆளு நான் இல்ல" என்றாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சொன்னதை மாற்றுவது அவர்களுக்கு மானக்கேடு. எனக்குத் தலை சுற்றியது. நீயோ தாளால் விசிறிக்கொண்டே, "ஏளா, நம்பகத்தன்மை நூத்துக்கு நூறு, பிச்சுக்கிட்டுப் போகுது! மனசுல உள்ளதுதான் வெளிய வருதான்னு யாரு பாக்கது?" என்றாய். அத்தனையையும் தள்ளிவிட்டு, வேறு கரையில் முதலிலிருந்து தொடங்கினோம். நான் முனகினேன். நீ ஒரு நாளும் முனகவில்லை.

அந்த வேலை முடிவதற்குள் உனக்கு நோய் என்றார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு நின்றபோது, "எதுக்கு இப்படி முழிச்சிக்கிட்டு நிக்க? சமாளிச்சிருவேன்" என்றாய். நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

மழை தொடங்கியபோது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். ஒரு மத்தியானம், உன் அம்மா கஞ்சி எடுத்துவரப் போன நேரம் பார்த்து, "ஏளா, பயமா இருக்கா?" என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "போன வாட்டி சொன்னதுதான், பிள்ள. அதையே போட்டுக்க."

அப்படியே அந்த அக்காவின் குரல். இருவரும் சிரித்துவிட்டோம். என் கையைப் பிடித்திருந்த உன் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நீ போன பிறகு ஆய்வு நல்லபடியாக முடிந்தது. வினாத்தாள் நம்பகமானது, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது என்று அச்சிலும் வந்துவிட்டது. உன் பதிலைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனதிலும் அதுதான் இருந்ததா, இல்லை, நான் உடைந்துவிடக் கூடாதே என்று சொன்னாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். "நல்லா இருக்கியா, பிள்ள?" என்று கேட்டார்கள். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன்: "நல்லா இருக்கேம்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் நடுக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.