கிணற்றில் அளந்த ஆழ்கடல்

வியாழக்கிழமை, இரவு

இன்று நடந்ததை மாற்றாமல் எழுதப்போகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

ஆழ்கடலில் நீரின் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதுதான் அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பு. கடலுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலேயே சோதித்தேன். மூடியில்லாத பாட்டிலின் உள்ளே மஞ்சள் தூளைத் தடவி, கல்லைக் கட்டி, முப்பத்துமூன்று அடிக் கயிற்றில் தலைகீழாக இறக்கினேன். அந்த ஆழத்தில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பாதிப் பாட்டில் வரை நீர் ஏறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. வெளியே எடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு மஞ்சள்தான் நனைந்திருந்தது. ஆனால் நோட்டில் ‘பாதி’ என்று எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் டீச்சர் என் வகுப்பு சல்மாவை விட்டுவிட்டு என்னைத் தேனியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

இன்று சாப்பிடும்போது மனது கேட்காமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

“கயித்த எங்கன இருந்து அளந்த?”

“கிணத்து மேட்டுல இருந்து.”

“ஏ ஆத்தா, தண்ணியே பதினெட்டு அடிக்குக் கீழல்ல கெடக்கு. வெறுங்காத்தையும் சேத்தா கடல அளப்ப?”

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து அடி நீருக்குக் கணக்குப் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய சரியாக வந்தது. பாட்டில் உண்மையைத்தான் காட்டியிருக்கிறது.

கடலின் அடியில் இருப்பதைப் பெரும்பாலும் கருவிகள்தான் பார்த்துச் சொல்கின்றன. அவை சொல்வதையும் யாராவது என்னைப் போல மாற்றி எழுதினால்?

நோட்டில் ‘பாதி’யை அடித்துவிட்டேன். நாளை பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே டீச்சரிடம் சொல்லிவிடுவேன். தேனிக்குச் சல்மாவே போகட்டும், மறைத்துவிட்டு நான் போகமாட்டேன். டீச்சர் என்ன சொல்வாரோ…

அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.