மூக்குக்குப் போட்ட ஊசி

10.11, திங்கள்
காலையிலிருந்து தூறல். தீவன லாரி வரவில்லை. அப்பாவிடம் பாங்க் வேலை என்று பொய் சொல்லிவிட்டு சேலம் பஸ்.

வெண்ணந்தூர்ப் பெண் வீட்டில் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு மூக்கு சப்பைங்களே" என்றார்களாம். தரகர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயது முப்பத்தாறு. வேண்டாம் என்ற வீடுகளை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அழகு நிலையம் மாடியில். வந்திருந்த ஆண் நான் ஒருவன்தான். மூக்கை எடுப்பாக்க, மூக்குத் தண்டில் ஊசி. போடும்போதே இடது கண்ணில் கரண்ட் போன மாதிரி இருட்டு. வலி, வாந்தி. "பயத்துல அப்படித்தாங்க இருக்கும், கொஞ்சம் படுங்க" என்றாள் ஊசி போட்டவள். படுத்தேன். தெளியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஊருக்கு பஸ் ஏறினேன். போனால் காரணம் கேட்பார்களே.

வந்ததும் நேராகக் கோழி ஷெட். அப்பா காலையில் மருந்தடிக்கச் சொல்லியிருந்தார். டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணில் மருந்து தெறித்துவிட்டது என்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

11.11, செவ்வாய்
நாமக்கல், கண் டாக்டர் அம்மா. அப்பா கூடவே. "மருந்து தெறிச்சா இப்படி ஆகாதே" என்று டாக்டர் என் மூக்கைப் பார்த்தார். அப்பாவைச் சொட்டு மருந்து வாங்க அனுப்பிவிட்டு, "முகத்துல ஊசி ஏதாவது போட்டீங்களா?"

சொன்னேன். ஏற்றிய மருந்து கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாம். "ஆன உடனே வந்திருந்தா முயற்சியாவது பண்ணியிருக்கலாம். இனி பார்வை வராதுங்க." தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வீட்டில் சொல்லிவிடச் சொன்னார். தலையாட்டினேன். சொல்லவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழமொழி சொன்னவன் என்னை மாதிரி ஒருவனைப் பார்த்திருக்கிறான்.

13.11, வியாழன்
டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். கதவு நிலையில் இடது தோள் இடித்தது, இரண்டு தடவை. ஸ்கேன்: மூளைக்கு ஒன்றுமில்லை. இருந்தால்தானே.

தரகர் போன். பெண் வீட்டில் "பாவம்" என்றார்களாம். அதோடு சரி.

அப்பா மருந்து டேங்க்கைக் கடப்பாரையால் குத்தி உடைத்தார். சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாந்தான அடிக்கச் சொன்னேன். பெத்தவனே புள்ளையக் குருடாக்கிப்போட்டேன்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம். வாய் திறக்கவில்லை. இவ்வளவு கேவலமானவன் என்று எனக்கே தெரியாது.

15.11, சனி
வெயில். முட்டை லோடு போயிற்று. காலையிலிருந்து அப்பாவைக் காணோம். மத்தியானம் வந்தார். டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாராம்.

"என்ற கண்ணுல ஒண்ண எடுத்து உனக்கு வெக்க முடியுங்களான்னு கேட்டேன். ஆகாதுன்னுட்டாங்க சாமி."

டாக்டர் அம்மா வேறெதுவும் சொல்லவில்லை போல.

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டேன். பாங்க் பொய், மாடி, ஊசி, ஷெட்டில் கத்தியது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப மருந்துனால இல்லியா?"

"இல்லீங்கப்பா."

"மூக்குக்கு என்ன சாமி?"

"சப்பையா, அசிங்கமா இருக்குதுன்னு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. எங்கள் எருமப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் மூக்கை மறைத்துக்கொண்டார்.