மில்காரர் மகளுக்கு வாசித்தது

கும்மிடிப்பூண்டி
3.8.2024

விக்டோரியாவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும் என்று தொடங்குவது வழக்கம். நமக்குள் அது இல்லை, எழுதுவானேன். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் தபால்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கும் குணா, வெளியூர்ப் பையன், ஒரு சினிமாக் குழு நடத்துகிறான். நூறு வருஷத்துக்கு முந்தைய பேய்ப் படம் ஒன்றை நம் சர்ச் ஹாலில் போடுகிறார்கள். பேச்சு இல்லாத படம். பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே வாசிக்க வேண்டும். செத்துப்போன மில்காரர் மகள் திரும்பி வந்து மாவு அரைக்கிறாளாம். "சார், உங்க ஆர்கனைக் கேட்டா பேயே பேஜாராயி ஓடிப்பூடும்" என்கிறான். எம்.ஏ. படித்து, இத்தனை காலம் கோயிலில் வாசித்தவனுக்குக் கிடைத்த மரியாதை.

வயலினும் வேண்டும். இந்தப் பக்கம் உன்னை விட்டால் ஆளில்லை. நம் ஜெனிபர் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். அன்றே உன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் நீ. யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லாதே, இப்போது கூப்பிடுகிறேன். படத்துக்கு வா. முடிந்ததும் வீட்டுக்கும் வா.

ஆனால் பிள்ளையின் அடக்கத்துக்கு, நான் வீட்டில் இருக்கும்போதே உன் அண்ணன் பேண்டு செட் கூட்டி வந்ததை மறக்கச் சொல்லாதே.

ரகு

திருவள்ளூர்
11.8.2024

அன்புள்ளவருக்கு,

பேண்டு செட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சாவுப் பெட்டியைத் தூக்கும்போது வாசிக்கும் பாட்டு இல்லாமல் நம் தெருவில் யாரையும் அனுப்பியதில்லை. அதுவும் எல்லோருக்கும் நீங்கள்தான் வாசித்தீர்கள். உங்கள் பிள்ளைக்கும் வாசிப்பீர்கள் என்று ஜனங்கள் வெயிலில் காத்து நின்றார்கள். நீங்கள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதன் பிறகுதான் அண்ணன் ஓடினார்.

வருகிறேன். படத்தில் அந்தப் பெண்ணின் பெட்டியைத் தூக்கும் இடம் ஒன்று உண்டு என்று குணா தம்பி போனில் சொன்னார். அங்கே இருவரும் கையை எடுத்துவிடுவோம். ஒன்றுமே வாசிக்க வேண்டாம். இதற்கு ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு வருவதையும் யோசிக்கிறேன்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

விக்டோரியா

கும்மிடிப்பூண்டி
14.8.2024

விக்டோரியாவுக்கு,

சம்மதம். அங்கே வாசிக்க மாட்டேன்.

ரகு

கும்மிடிப்பூண்டி
2.9.2024

விக்டோரியாவுக்கு,

வேண்டுமென்று செய்தேன் என்றுதான் நினைப்பாய். உன் அண்ணனும் அதையே சொல்வார்.

அதுவரை எல்லாம் சரியாகத்தானே போனது? நம் தெரு அரசப்பன், "மாவரைக்க அவளுக்குக் கரண்ட்டு எங்கய்யா?" என்று கத்த, ஹாலே சிரித்தது. நீயும் சிரித்தாய், பார்த்தேன். பிறகு நாலு பேர் அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். என் கண் திரையில் இருந்தது. பெட்டி எழுந்தால் வாசித்தே பழகிய கை. அது தானாக அந்தப் பாட்டுக்குப் போய்விட்டது.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மொத்த ஹாலும் எழுந்து நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். சிரித்த அரசப்பனும் நிற்கிறான். குணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சார், இண்டர்வெல்லுன்னு எழுந்துக்கினாங்களா?" என்று கேட்கிறான்.

நீ வயலினை மூடி வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அத்தனை பேர் முன்னால். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? பதில் எழுது.

ரகு

திருவள்ளூர்
9.9.2024

அன்புள்ளவருக்கு,

உங்களை அவமானப்படுத்த இறங்கவில்லை. ஜனங்களோடு போய் நிற்கத்தான் இறங்கினேன். அவர்கள் யாரும் மில்காரர் மகளுக்காக நிற்கவில்லை. எதிர்வீட்டு முத்தம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் பாப்பாவ அனுப்புறாரும்மா" என்றார். பாட்டு முடியும்வரை நின்று கேட்டேன். நன்றாக வாசித்தீர்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், உங்கள்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. மூன்று வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் மனைவியாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

நான் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் எதிர்பார்க்காதீர்கள். தெரிந்த ஒரு நல்ல மனிதருக்கு எழுதுவதுபோல் இதை எழுதி முடித்துவிட்டேன். எங்கேயும் அடித்துத் திருத்தவில்லை. அதுதான் துக்கமாக இருக்கிறது.

விக்டோரியா